அஞ்சரை மணி ராத்திரி

பிரமிளா: என்னங்க இது, பட்டப்பகல்ல ஜன்னலை சாத்திகினு இருக்கீங்க?

நேமிகுமார்: கேள்வி அப்புறம். நீ அந்தப் பக்கத்து ஜன்னலை சாத்து. இடுக்குல வெயில் வருது பாரு, அங்க ஒரு துணிய சொருகு.

பிரமிளா: மணி அஞ்சேகால்தான் ஆவுது. கொசுவுக்கே நாம ஆறு மணிக்குத்தான் சாத்துவோம். எதிர்வீட்டு சாவித்திரி பாத்தா என்னா நெனைப்பா?

நேமிகுமார்: என்னமோ நெனைச்சிக்கட்டும். சாத்து.

பிரமிளா: அறுபத்தெட்டு வயசுல என்ன கூத்தோ... இந்தாங்க, சாத்திட்டேன்.

நேமிகுமார்: என் மூஞ்சி தெரியுதா?

பிரமிளா: தெரியல. நிம்மதியா இருக்கு.

நேமிகுமார்: அப்ப ராத்திரி ஆயிடுச்சு. ஸ்விட்சைப் போடு.

பிரமிளா: எந்த ஸ்விட்சு?

நேமிகுமார்: டைனிங் டேபிள் மேல தொங்குதே... அது.

பிரமிளா: அதுவா... அது இன்னும் எரியுமா?

நேமிகுமார்: நீ காலைல கோயிலுக்குப் போனப்ப ஸ்டூல் போட்டு ஏறி புது பல்பு மாட்டிட்டேன்.

பிரமிளா: ஸ்டூல் மேல ஏறினீங்களா! முட்டி வலின்னு விடிய விடிய மொனகிகினு கெடந்த மனுசன்...

நேமிகுமார்: போடு பிரமிளா.

பிரமிளா: போடறேன், போடறேன்... அம்மாடி!

நேமிகுமார்: எப்படி?

பிரமிளா: அந்தக் கிச்சிலிப்பழக் கலரு, அதே ஆரஞ்சு, அப்படியே இருக்குங்க. கொஞ்சம்கூட மங்கல.

நேமிகுமார்: மங்குமா? எண்பத்தாறுல மெட்ராஸ்ல தேடித் தேடி வாங்கினது. கீழ இழுத்தா இறங்கும், தூக்கினா ஏறும். பஸ்ல மடியிலேயே வச்சிகினு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன், என்னா சார், பானை ஒடஞ்சிடுமான்னு கேட்டான்.

பிரமிளா: அதுக்கு முந்தின மாசம்தான் இந்த மேசை வந்துது. மேல மைக்கா, கீழ ஸ்டீல் பைப்பு, நாலு ரெக்ஸின் சேரு. தெருவே வந்து வேடிக்கை பாத்துதே! ஒரு அம்மா கேட்டாங்க, இவ்ளோ ஒசரத்துல உக்காந்து சாப்பிட்டா சோறு எறங்குமான்னு.

நேமிகுமார்: சமையல்கட்டு வாசல்ல ஒரு பாசிமணி திரை போட்டிருந்தோமே... நீ உள்ள போறப்ப, வர்றப்ப சலசலன்னு...

பிரமிளா: உங்க அக்கா பசங்க வந்து ஒவ்வொரு மணியா உருவி பல்லாங்குழி ஆடிட்டுப் போனாங்க. கடைசியில வெறும் நூலுதான் தொங்கிகினு இருந்தது.

நேமிகுமார்: ஹால்ல கண்ணாடி ஷோகேஸ். டிவிக்கு ஷட்டர் வச்ச பொட்டி...

பிரமிளா: அதுக்கு ஒரு சாவி வேற! என்னா ஸ்டைலா இருந்தோம் நாம. இப்ப வீடுங்க எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளேர்னு...

நேமிகுமார்: அதனாலதான் நம்ம அக்ஷயா இந்த லைட்டைக் கேக்கறா. பழைய ஸ்டைலுக்குத்தான் இப்ப மவுசாம். அவ வேலூர் ஃபிளாட்ல மாட்டணுமாம்.

பிரமிளா: கேட்டா. நீங்களும் கர்ணன் மாதிரி, எடுத்துக்கோம்மா, உங்கம்மாவுக்கு அது எப்பவுமே புடிக்காதுன்னு வாக்கு குடுத்துட்டீங்க.

நேமிகுமார்: நீதானே நாப்பது வருசமா தண்டம் தண்டம்னு சொல்லிகினு இருந்தே?

பிரமிளா: பின்ன? நாம ஜைனருங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு கை கழுவற வீடு. அந்த வீட்ல போய் சாப்பாட்டு மேசைக்கு மேல லைட்டு மாட்டினா அது தண்டமா இல்லையா? ஒரு நாள், ஒரு வாய் சோறு இந்த வெளிச்சத்துல சாப்பிட்டிருப்போமா?

நேமிகுமார்: அதுக்குத்தான் ஜன்னலை சாத்தினேன்.

பிரமிளா: ...ஓ.

நேமிகுமார்: வெளிய சூரியன் இருக்கு. உள்ள ராத்திரி. ஆறு மணிக்கு அவ வந்து எடுத்துகினு போயிடுவா. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை நீயும் நானும் இதுக்குக் கீழ உக்காந்து சாப்பிடணும். ஜல்தியா அடையை எடுத்துகினு வா.

பிரமிளா: கோயில்ல பெரியவங்க யாராவது கேட்டா?

நேமிகுமார்: பொழுது எப்ப சாஞ்சுதுன்னு பஞ்சாங்கத்தைத்தான் பாப்பாங்க. நம்ம ஜன்னலையா பாப்பாங்க?

பிரமிளா: நல்லா பேசறீங்க... இதுக்கா நாப்பது வருசமா ஆசைப்பட்டுகினு இருந்தீங்க?

நேமிகுமார்: ஆசை இல்லாமலா மடியில வச்சி தூக்கிகினு வந்தேன்? அம்மாதான் இதைப் போடவே விடல.

பிரமிளா: அத்தைய சொல்லாதீங்க. மாட்டின மறுவாரமே நீங்க பண்ண காரியம் அப்படி.

நேமிகுமார்: அதை இப்ப எடுக்காத.

பிரமிளா: ஏன் எடுக்கக்கூடாது? யாவாரத்துக்கு வாங்கின பட்டு நூலை இந்த லைட்டுக்குக் கீழ வச்சி கலரு பாத்தீங்க. வெளுத்த மஞ்சள் உங்களுக்கு மாம்பழ மஞ்சளாத் தெரிஞ்சிது. அப்படியே முள்ளிப்பட்டு தறிக்கு அனுப்பிட்டீங்க. மூணு புடவை, காமாலை கண்ட மாதிரி வந்து நின்னுது.

நேமிகுமார்: கடைக்காரன் ஒருத்தன்கூட கையால தொடல.

பிரமிளா: மூணையும் யாரு கட்டினது?

நேமிகுமார்: நீதான் தாயே.

பிரமிளா: அதுல ஒண்ணைத்தான் காலைல கோயிலுக்குக் கட்டினேன், இன்னும் அவுக்கல. கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?

நேமிகுமார்: இப்படி வா... இன்னும் கிட்ட வா. லைட்டுக்குக் கீழ நில்லு... அட!

பிரமிளா: என்ன?

நேமிகுமார்: மாம்பழ மஞ்சள், பிரமிளா! அன்னிக்கு நான் பாத்த அதே கலரு. எவ்ளோ அழகா இருக்கு பாரு... நீயும்தான்.

பிரமிளா: ஐயய்ய... உக்காருங்க, அடை ஆறிப்போவுது.

சாவித்திரி: அக்கா! பிரமிளா அக்கா!

நேமிகுமார்: எதிர்வீடு! மூச்சு காட்டாத.

சாவித்திரி: அக்கா, பகல்லயே ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கே... சாருக்கு உடம்பு கிடம்பு...?

பிரமிளா: ஒண்ணுமில்ல சாவித்திரி! அவருக்கு வெயில்ல கண்ணு கூசுதாம்!

சாவித்திரி: ஐயோ, கண்ணு ஆபரேஷனா?

பிரமிளா: அதெல்லாம் இல்லம்மா! சாப்பிட்டுகினு இருக்கோம். நாளைக்கு வா, பேசலாம்!

சாவித்திரி: சரிக்கா... பாத்துக்கோங்க.

நேமிகுமார்: போயிட்டாளா?

பிரமிளா: போயிட்டா. நாளைக்குள்ள தெரு பூரா உங்களுக்கு கண்ணு போயிடுச்சுன்னு பேசும். சாப்பிடுங்க.

நேமிகுமார்: ம்... இந்த வெளிச்சத்துல அடைகூட வேற ருசியா இருக்கு.

பிரமிளா: அதே அடைதான். ஆமா, லைட்டை வச்சி அனுப்ப அட்டைப்பொட்டி கொண்டாரேன்னீங்களே, எங்க?

நேமிகுமார்: அட்டைப்பொட்டியா... கடை லீவு.

பிரமிளா: ஓ... சரி, அவசரம் என்ன.

நேமிகுமார்: அவசரம் இல்லையா? ஆறு மணிக்கு வந்துடுவாளே... எலக்ட்ரீசியன் முத்துவேலை வரச்சொல்றேன்னியே, சொன்னியா?

பிரமிளா: அவன்... போனை எடுக்கல.

நேமிகுமார்: பரவால்ல, பரவால்ல. அவன் எப்பவுமே எடுக்க மாட்டான்.

பிரமிளா: என்னங்க... ஒண்ணு சொல்லட்டுமா?

நேமிகுமார்: சொல்லு.

பிரமிளா: இது வந்த அன்னிக்கே எனக்குப் புடிச்சிது. அத்தை மூஞ்சியப் பாத்து பயந்துகினு தண்டம்னு சொன்னேன். அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்கமாயிடுச்சு.

நேமிகுமார்: அடிப்பாவி! நாப்பது வருசமாவா?

பிரமிளா: வாரா வாரம் இதைத் தொடைக்கறேனே, புடிக்காமலா? உங்களுக்குத்தான் ஒண்ணுமே புரியாதே.

நேமிகுமார்: எனக்கு எப்படிப் புரியும்? நீ திட்டற ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கும்... பேசாம போயிடுவேன்.

பிரமிளா: தெரியும். நான் திட்டினதுல அது ஒண்ணுதான் எனக்கே வருத்தம்.

நேமிகுமார்: குடுக்க மனசே வரலையா உனக்கு?

பிரமிளா: உங்களுக்கு வருதா?

நேமிகுமார்: ...வாக்கு குடுத்தாச்சே.

பிரமிளா: ஆமா... குடுத்தாச்சு... இன்னொரு அடை?

நேமிகுமார்: போடு.

அக்ஷயா: அம்மா! கதவைத் தெறங்க! அம்மா!

பிரமிளா: இவ எப்படி வந்தா?

நேமிகுமார்: இவ எங்க இங்க?

பிரமிளா: ஆறு மணிக்கு வருவான்னு நீங்கதானே சொல்லிகினு இருந்தீங்க? அப்புறம் எதுக்கு முழிக்கறீங்க?

நேமிகுமார்: நீ எதுக்கு முழிக்கற?

அக்ஷயா: அம்மா!

பிரமிளா: வரேன், வரேன்! ...வாடி கண்ணு.

அக்ஷயா: நல்லாத்தானே இருக்கீங்க ரெண்டு பேரும்? போன் பண்ணா எடுக்கறதில்ல, வீட்டை வேற சாத்திகினு... அது என்னா, அப்பா தலைக்கு மேல?

பிரமிளா: அது... லைட்டு.

அக்ஷயா: நேத்து சாயந்திரம் எனக்கு போன் பண்ணி, தொடைக்கறப்ப கை நழுவி விழுந்து சுக்குநூறா போச்சு கண்ணு, நீ வராதன்னு அழுவாத குறையா சொன்னியே... அந்த லைட்டா?

நேமிகுமார்: பிரமிளா! பெத்த பொண்ணுகிட்ட பொய்யா சொன்னே? நாமெல்லாம் எப்பேர்ப்பட்ட குடும்பம்! ஒரு வாக்கு குடுத்தா...

அக்ஷயா: நீங்க பேசாதீங்கப்பா! இன்னிக்கு காலைல நீங்க போன் பண்ணி, யாரோ ஒரு ஆள் வந்து கேட்டான், அந்த லைட்டை வித்துட்டேம்மான்னு சொல்லல? அம்மா ஒடைச்ச லைட்டை எவன் வந்து வாங்கினான்னு தலை சுத்திப்போய், பெத்தவங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல புத்தி பெசகிடுச்சோன்னு பஸ்ஸைப் புடிச்சி ஓடி வரேன்! பொழுது சாஞ்சா பச்சைத்தண்ணிகூட குடிக்க மாட்டீங்க, பொய்யி மட்டும் வேளை பாக்காம வருது ரெண்டு பேருக்கும்... சிரிக்காதம்மா. மணி இன்னும் ஆறு ஆவல, எனக்கும் ஒரு அடை வை. ஜன்னலை யாரும் தெறக்காதீங்க.