எட்டு இல்லாத தேதி

எனக்கு எட்டு என்ற எண் மட்டும் எப்போதுமே சரியாக வராது, சார். மேல் வட்டம் கொஞ்சம் பெருத்தாலும் தலை கனத்துக் கவிழப்போகிற மாதிரி இருக்கும். மூன்றும் அப்படித்தான். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பூஜ்யம் எல்லாம் அருமையாக அமைந்துவிட்டன. தேதியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

என் பெயர் அமலராணி. குரோம்பேட்டையில் துலுக்காணம் அண்ணன் தன் பெயரிலேயே நடத்திய அச்சகத்தில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் டிசைன் செய்தேன். அதில் ஐந்து வருஷம், வேலை போக மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு தமிழ் எழுத்தை, அதாவது ஃபாண்ட்டை, அகரம் முதல் எண்கள்வரை வரைந்தேன். நேர்கோடு கட்டைவிரல் தடிமன், படுக்கைக்கோடு நூல் மாதிரி, ஒவ்வொரு முனையிலும் சின்னதாக ஒரு பாதம். இங்கிலீஷ் எழுத்துக்கு இருக்கிற அந்தப் பாதத்தைத் தமிழுக்கு வைத்தால் கடன் வாங்கிய செருப்பு போட்ட மாதிரி இருக்கும். என்னுடையதில் அப்படி இல்லை. பெருமையடிக்கவில்லை, சுவரில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பத்தி பத்தியாக அடிக்க அது உதவாது, கண் வலிக்கும். நாலே சொல்லைப் பெரிதாகப் போட வேண்டும். ஜவுளிக்கடைப் பலகை, திறப்பு விழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். அண்ணன் முதல் தடவை பார்த்துவிட்டு, "இன்னா அமலா, எழுத்து சும்மா நெஞ்ச நிமித்திகினு நிக்குது" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மே மாதம் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அந்த எழுத்து சிடியாகத் தொங்கியது. அட்டையில் என் எழுத்திலேயே 'துலுக்காணம்' என்று போட்டு, கீழே அவர் போட்டோ. சிரித்துக்கொண்டிருந்தார். என் பெயர் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை என்று நான் ஒருநாளும் அழுததில்லை. அன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கூடப்பிறந்தவர் மாதிரி நினைத்த மனுஷன் இப்படிச் செய்துவிட்டாரே என்று ஆறவே இல்லை.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் நான் நம்பிவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் என் எழுத்தில் லட்சணமாக இருந்தது. சிடி அட்டை சின்னது, போஸ்டர் அளவில் போட்டால்தான் முழு அழகும் தெரியும். அதனால் 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே போட்டு, அவர் பெயரை அமைத்தேன். தோற்றம் 8.3.1958. எட்டும் மூன்றும் வந்துவிட்டன. பிறந்த தேதியை நான் என்ன செய்ய முடியும்? மறைவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். 21.7.2004. ஓர் எண்கூட உறுத்தவில்லை. ஆடி மாதம் வேறு, கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் வராது.

எங்கள் அச்சகத்தில் அதை அடிக்க முடியாது அல்லவா? சனிக்கிழமை ரயிலேறி கூடுவாஞ்சேரிக்குப் போய், அவரைத் தெரியாத ஓர் இடத்தில் நூறு பிரதி அடித்து வாங்கினேன். அங்கிருந்தவர், "இன்னிக்கிப் பதினேழுதானேக்கா? மறைவு இருபத்தொண்ணுனு கீதே?" என்றார். எழுத்து எப்படி விழுகிறது என்று பார்க்கிற மாதிரிப் பிரதி என்றேன். அதுவும் பொய் இல்லை.

புதன்கிழமை காலையில், நம் பெயர்ப்பலகைக்குள் டியூப்லைட் விட்டு விட்டு எரிகிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆள் கூப்பிட மாட்டார், தானே இரும்பு ஏணியில் ஏறுவார். முந்தின நாள் மழையில் பலகையெல்லாம் ஈரம். மேலே இருந்து, "மெயின ஆஃப் பண்ட்டியா, அமலா?" என்று கேட்டார். "பண்ணிட்டேண்ணா" என்றேன். பண்ணவில்லை. அப்போது மணி பத்தே முக்கால்.

பதினொன்றரைக்கு ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் நானே ஒட்டினேன். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அங்காளம்மாவிடம் டாக்டர் அப்போதுதான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். உங்கள் ஏட்டு போஸ்டரைத் தொட்டுப் பார்த்து, "மை நல்லா காஞ்சிகீதே" என்றாராம். கெட்டிக்காரர். சாயங்காலம்வரை பொறுத்து ஒட்டியிருக்கலாம். அவ்வளவு பெரிய எழுத்தைச் சுவரில் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சற்று முன் அங்காளம்மா அண்ணி இங்கே வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "அட பாவி, அட்டைல கடைப் பேரத்தானேடி போட்டாரு? சிடியத் தொறந்து பாத்தியா? உள்ள ஒம்பேருதாண்டி கீது. எழுத்துக்கே அமலானு பேர் வச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரே" என்றார். நீங்களும் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காதே என்றீர்கள். நல்ல மனசு, சார் உங்களுக்கு.

அந்த இடத்தை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணனே எனக்கு ஒரு சிடி கொடுத்தார். "ஒனக்குனு எடுத்து வச்சேன், குடுக்க மறந்தே பூட்டேன்" என்றார். கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். எழுத்தின் பெயர் அமலா. வரைந்தவர் அமலராணி. இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் போஸ்டர் சனிக்கிழமையே அச்சாகிவிட்டது, சார். நூறு பிரதி. தேதியோடு.