ரெக்கார்டு வேகத்தில் நாலு எண்ணியது தொடர்பாக

என்னை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது எழுபத்தொன்று. டயர் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவன். இரும்புக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த நிலையத்து எழுத்தர் எழுதுகிறார். என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர். அவரை நான் மாப்பிள்ளை என்று அழைப்பது வழக்கம். மேடையில் வேண்டுமென்றே வேகமாக டிரம் வாசித்து, அவரைச் சபை நடுவே கேவலப்படுத்தி, அவர் மணிக்கட்டு முறியக் காரணமாக இருந்தேன் என்பது புகார். அது குறித்து விசாரித்ததற்கு நான் சொல்வதாவது:

இளவயதில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஹெவி மெட்டல் என்கிற இரைச்சல் சங்கீதம் வாசித்தோம். நான் டிரம், மாப்பிள்ளை கிதார், என் தம்பி பாட்டு. அப்போது மாப்பிள்ளைக்கும் என் தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லை. பட்டறை விடுமுறை நாட்களில் முதலாளி சாவியைக் கொடுப்பார், டயர்களை ஓரமாக உருட்டிவிட்டு அங்கேதான் வாசிப்போம். பட்டறைக்குத் தகரக் கூரை. வேகமாக அடித்தால் முதல் அடி கூரையில் பட்டுத் திரும்புவதற்குள் அடுத்த அடி கிளம்பிவிடும், எல்லாம் சேர்ந்து டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் ஆகிவிடும். அதனால் ஓர் அடி அடித்து, கூரை அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு அடுத்த அடி அடிப்பேன். "அவசரப்படாதண்ணே. கூரை பேசி முடிக்கட்டும், அப்புறம் நாம பேசுவோம்" என்பான் தம்பி. அவனுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் குரல். காலி பீப்பாய்க்குள் நின்று பேசுவது போல இருக்கும். நாங்கள் வாசித்த அந்த மெதுவான வகைக்கு அப்போது தனிப் பெயர் எதுவும் கிடையாது.

இரவல் வாங்கிய டேப் மெஷினை டயர் அடுக்கின் மேல் வைத்து ஒரே ஒரு முறை பதிவு செய்தோம். அதன் பிறகு கொஞ்ச காலத்தில் தம்பி நெஞ்சு நோயில் இறந்துபோனான். அந்த டேப்பைத் தவிர அவன் குரல் வேறு எதிலும் இல்லை. போட்டோகூட ஒன்றுதான், அதிலும் கண்ணை மூடியிருக்கிறான். அசல் டேப் மாப்பிள்ளையிடம் இருந்தது. அதிலிருந்து பிரதி எடுத்த கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது.

பல வருடம் கழித்து எப்படியோ அந்தப் பாட்டு இளைஞர்கள் கைக்குப் போய், அவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். அதன் பிறகு நானும் மாப்பிள்ளையும் சனிக்கிழமை மாலைகளில் ரெக்கார்டு கடைக்குப் போக ஆரம்பித்தோம். அந்தக் கடையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தட்டு. வேகமாக வாசிப்பது த்ராஷ், அது வாசலுக்கு நேரே, வெளிச்சத்தில் இருக்கும். மெதுவாக, கனமாக வாசிப்பது டூம், அது கடைசியில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னும் பல வகை சொன்னார்கள். "எங்க பட்டறையில லாரி டயருக்குக்கூட இத்தனை சைஸ் கிடையாதுப்பா" என்றேன், சிரித்தார்கள். எங்கள் பாட்டை அவர்கள் டூம் தட்டில்தான் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒருவர் கவிழ்த்துப் போட்ட ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி, மற்றவர் யாரும் ஒப்புக்கொள்ளாத கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழே நிற்பவர்கள் என்ன கத்தினாலும் சொல்லி முடிக்காமல் இறங்கக் கூடாது. ஒரு பல் டாக்டர் ஏறி, "மெட்டலுக்குப் பாட்டு வரியே தேவையில்ல. வாயைத் திறந்து ஆன்னு சொன்னாப் போதும்" என்றார். "டாக்டர், அது உங்க கிளினிக்" என்று கடைக்காரர் சொன்னார். இப்படித்தான் போகும், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை ஏறினார். "டூம்னு ஒரு வகையே கிடையாது. வேகமா வாசிக்கத் தெரியாதவன் தனக்குத்தானே வச்சுக்கிட்ட பேரு அது" என்றார். கூச்சல் போட்டார்கள். அவர் கையை உயர்த்தி, "எங்க குழுவையே எடுத்துக்கங்க. டிரம்மருக்குக் கை எழும்பாது, பாடினவனுக்கு நெஞ்செல்லாம் சளி. சோம்பேறியும் நோயாளியும் சேர்ந்து இழுத்தா அதுக்குப் பேரு டூமா? வேகத்தைக் கூட்டிக் கேளுங்க, நாங்க அசல் த்ராஷ்" என்றார். அதன் பிறகு கூச்சல் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கிளாஸைத் தரையில் வைத்தேன். அவர் என் தங்கை வீட்டுக்காரர். அங்கே நான் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு நேராக என் தங்கை வீட்டுச் சமையலறையில் போய் இறங்கும். அதனால் கிளம்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு மாப்பிள்ளை அந்த டேப்பைப் புது ரெக்கார்டாக வெளியிட்டார். நான் தங்கை வீட்டில் இருந்தபோது அதைக் கொண்டுவந்து போட்டார். தங்கை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஆரம்பித்ததும், "யாருங்க இது பாடுறது? சின்னப் பையனா?" என்று கேட்டாள்.

"உன் சின்னண்ணன்தான்" என்றார் மாப்பிள்ளை. "மெஷின்ல கொஞ்சம் வேகம் வச்சேன், அவ்வளவுதான். இப்ப த்ராஷ் தட்டுல முதல் வரிசையில இருக்கு, தெரியுமா?"

டேப்பை வேகமாக ஓட்டினால் தாளம் மட்டும் ஓடாது, குரலும் மேலே ஏறிக் கிறீச்சென்று ஆகிவிடும். பீப்பாய்க் குரல் விசில் குரலாகியிருந்தது. தங்கை மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள், அதையே மறுபடி பிரித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். படி இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இது ஆத்திரத்தில் செய்ததல்ல, யோசித்துச் செய்தது. எழுத்தர் இதை மாற்றாமல் எழுத வேண்டும்.

ரெக்கார்டு வெளியீட்டுக்கு மண்டபத்தில் கச்சேரி ஏற்பாடு செய்துவிட்டு மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "மச்சான், உங்களால முடியுமா? இல்லேன்னா சின்ன வயசு ஆள் ஒருத்தனைப் போட்டுக்கிறேன், ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "முடியும் மாப்பிள்ளை. உங்க ரெக்கார்டு என்ன வேகமோ அதே வேகம்" என்றேன்.

அதன் பிறகு தினமும் என் அறையில் பழைய டயர் ஒன்றைப் போட்டு, அந்த ரெக்கார்டைப் பாட வைத்து, குச்சியால் அடித்துப் பழகினேன். தோள் வீங்கியது, ஐஸ் வைத்துக்கொண்டு அடித்தேன். கீழே இரும்புக் கடைக்காரர் மேலே வந்து, "பெரியவரே, என் கடையில கூட இவ்வளவு சத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கும்போது வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன். தம்பி இடத்தில் மாப்பிள்ளையே கிதார் வாசித்துக்கொண்டு பாடினார். பாஸ் கிதார் வாசிக்க வந்திருந்த ரெக்கார்டு கடைக்காரரைப் பார்த்து அவர் கண்ணடித்து, "மச்சானோட லிமிட்டு இவ்வளவுதான், நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார். நான் தலையாட்டினேன். ரெக்கார்டில் சுருதி ஏறிவிட்டதால் அதற்குத் தகுந்தபடி அவர் கிதார் கம்பிகளை முறுக்கி வைத்திருந்தார். அவர் விரல் நுனிகள் வெடித்திருந்ததையும் பார்த்தேன்.

கச்சேரி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். எங்கள் தொழிலில் டிரம்மர் குச்சிகளை நாலு முறை தட்டி எண்ணுவார், அந்த நாலில் இருக்கும் வேகம்தான் பாட்டின் வேகம். மற்றவர்கள் அதன் பின்னால் வந்துதான் ஆக வேண்டும். நான் ரெக்கார்டு வேகத்தில் நாலு எண்ணினேன்.

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதல் வரியைச் சமாளித்தார். அதன் பிறகு விரல் தடுமாறி, இரண்டு கம்பிக்கு ஒரு கம்பி விட்டு, பாட்டு ஓரிடத்திலும் அவர் ஓரிடத்திலுமாக ஆகிவிட்டது. நான் குறைக்கவில்லை. அவர் வாய்க்கு நேரே மைக் இருப்பதை மறந்து, "மெதுவா, மச்சான்! மெதுவா!" என்று கத்தினார். மண்டபம் முழுவதும் கேட்டது. முன்வரிசையில் இருந்த பல் டாக்டர் எழுந்து, "என்ன சார், டூமா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கவே இல்லை. அப்போதும் நான் குறைக்கவில்லை.

அதன் பிறகு மாப்பிள்ளை கிதாரைக் கழற்றி வீசிவிட்டு மேடைப் படியில் இறங்கினார். அவருடைய கிதார் ஒயரே காலில் சுற்றி விழுந்தார். விழுந்தபோது நான் டிரம்முக்குப் பின்னால் இருந்தேன், பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நான் இருக்கையை விட்டு எழவில்லை. சட்டைப் பையிலிருந்த கேசட்டை ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். தம்பி தன் சொந்தக் குரலில் பாடினான். நான் கூரைக்குக் காத்திருந்து அடிப்பது போல அதனுடன் அடித்தேன். தங்கை கணவரைப் பின்தொடர்ந்து வாசல்வரை போயிருந்தாள். குரல் கேட்டதும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு அதன் பிறகுதான் வண்டிக்குப் போனாள். யார் பாடுவது என்று இந்த முறை அவள் கேட்கவில்லை.

மணிக்கட்டு முறிந்ததற்கு நீர் பொறுப்பா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, மணிக்கட்டை முறித்தது ஒயர், வேகமாக அடித்தது நான் என்று சொல்கிறேன். அந்த வேகமும் என்னுடையதல்ல, மாப்பிள்ளை மெஷினில் வைத்தது. மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகப் போகலாமே என்று கேட்டதற்கு, அவர் அந்த ரெக்கார்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, என் தம்பியின் குரலை அதன் வேகத்திலேயே வெளியிட்டு, தன் கையாலேயே கழிவறைக் கதவுக்குப் பக்கத்துத் தட்டில் கொண்டுபோய் வைக்கட்டும், அன்றைக்கு நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்கிறேன். மாட்டேன் என்றால் எலும்பு கூடட்டும், கட்டுப் பிரிக்கட்டும், அதே மண்டபத்துக்குச் சொல்லி அனுப்பட்டும். அதே வேகத்தில் நாலு எண்ண நான் இருக்கிறேன்.

நான் சொன்னதை எழுத்தர் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் அவசரமாகப் படித்தார், நிறுத்தி மெதுவாகப் படிக்கச் சொல்லி மறுபடி கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)