எல்லார் மேலும் இருப்பது

வாடிய வேப்பிலையை வாசலில் விட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் என் வீட்டுக்காரர் நோயில் கிடந்த மாதங்களில் தினமும் விடிந்ததும் நானே கொல்லைக்குப் போய்ப் புதுக் கொத்து ஒடித்து வந்து செருகுவேன். அவர் விஷயத்தில் எதையும் அடுத்தவர் கையில் நான் விட்டது கிடையாது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

எம். புதுப்பட்டிக்கு வெளியே எங்களுக்கு ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. என் வீட்டுக்காரர் மணிகண்டராஜ் முதலாளி என்று அறைக்குள் உட்கார மாட்டார். சரக்கு காயும் களத்தில் உச்சி வெயிலில் நிற்பார். போன சீசனில் அவருக்குப் பின்கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மொச்சைக்கொட்டை அளவு, சிவப்பாக, வலியே இல்லாமல். அதை முதலில் பார்த்தது நான் இல்லை. பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் மாரிச்செல்வி.

"'மொதலாளி, இது வேர்க்குரு மாதிரித் தெரியலயே, பெரிய டாக்டர்ட்ட காமிங்க'ன்னு சொல்லுதா. அவளுக்கு எம்புட்டுக் கவனம் பாரேன், யோகேசு" என்று சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மோர் ஊற்றினேன். ஒரு ஆளின் பின்கழுத்தில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி தெரிய வேண்டுமென்றால் எவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

மதுரையில் ஒரு டாக்டர் கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு கேட்கப் போகவேண்டிய நாளில் இவருக்கு லோடு ஏற்றுகிற அவசரம். என்னைக் காரில் அனுப்பிவைத்தார்.

டாக்டர் பொறுமையானவர். மெர்க்கல் என்று ஒரு பெயர் சொன்னார். தோலில் வரும் புற்று, ரொம்ப அபூர்வமாம். பெரும்பாலும் அதற்கு ஒரு வைரஸ்தான் காரணமாம்.

"எப்படி வந்துச்சு இவுகளுக்கு?" என்று கேட்டேன்.

"தொட்டுப் புழங்குறதுல பரவலாம்மா, முழுசாத் தெரியாது. அதை யோசிக்காதீங்க. அந்த வைரஸ் எல்லார் தோல்லயும் இருக்கு. சின்னப் பிள்ளையிலயே வந்துரும். என் மேல இருக்கு, உங்க மேலயும் இருக்கும். யாரோ ஒருத்தருக்குத்தான் அது செல்லுக்குள்ள புகுந்து கெடுத்துருது. கட்டி இன்னும் பரவலை. இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. ஆபரேஷன் பண்ணி, கரண்ட் வைக்கிறதுன்னு சொல்ற கதிர்வீச்சும் குடுத்தா காப்பாத்திடலாம்."

தொட்டுப் புழங்குவது என்றாரே, அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் சும்மா பூசி மெழுகியது. படித்தவர், பெண்டாட்டியிடம் எப்படி நேராகச் சொல்வார்? எல்லார் மேலும் இருப்பது இவருக்கு மட்டும் ஏன் புற்றாக வேண்டும்? திருமங்கலம் தாண்டும்வரை அழுதேன். இந்த மனுஷனுக்காக எத்தனை ராத்திரி சோற்றை மூடிவைத்துக்கொண்டு விழித்திருந்தேன் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. வீடு வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"வைரஸ்னு சொன்னாருங்க. அம்மை எதுல வருது? அதுவும் வைரஸ்தான்."

அவர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவா வந்திருக்கா?" என்று அவர்தான் கேட்டார். நான் வேப்பிலை ஒடிக்கப் போனேன்.

அம்மன் இறங்கிய வீட்டுக்கு எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். ஊசி கூடாது, மாத்திரை கூடாது, வெளியாள் படி ஏறக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் கட்டி வற்றவில்லை. தை கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போய் வெள்ளியில் கழுத்து உருவம் செலுத்தும்வரை இப்படியே இருப்பதாக நேர்ந்துகொண்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, இதைவிடப் பெரிய இடத்தில் காட்டிவிட்டோம் என்றேன். மாரியம்மனைவிடப் பெரிய இடம் ஏது?

மாரிச்செல்வி ஒருநாள் இளநீரோடு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, அம்மைன்னா ஒடம்பு பூராவும்லா முத்துப் போடும்? இது ஒத்தக் கட்டிக்கா. தயவுசெஞ்சு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"சுத்தபத்தமாத்தான் வந்திருக்கியா? ஆத்தா இருக்க வீடு. அங்கன தள்ளி நில்லு" என்றேன். அழுதுகொண்டே ரோட்டுக்கு இறங்கிவிட்டாள். யார் வந்தது என்று உள்ளிருந்து இவர் குரல் கொடுத்தார். யாரும் இல்லை என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். தினமும் மஞ்சள் தண்ணீரில் கழுத்தைத் துடைக்கும்போது, "எங்கிட்டச் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்காங்க?" என்று கேட்பேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மதுரைக்குக் காரை எடுத்திருப்பேன். அவரோ ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எந்த நேத்திக்கடனையும் மறந்துட்டனோ? ஒனக்கு ஞாபகம் இருக்கா, யோகேசு?" என்பார். அப்படி ஒரு நடிப்பு.

கார்த்திகையில் கட்டி எலுமிச்சை அளவாகி, கழுத்தில் வரிசையாகக் கட்டிகட்டியாய் வீங்கியது. தையில் அவரைக் காரில் படுக்கவைத்து இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனேன். சந்நிதியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் அம்மனைப் பார்த்தார். வெள்ளி உருவத்தை அவர் கையாலேயே உண்டியலில் போட்டார். வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா என்னைய யாரு இப்படிப் பாத்திருப்பா" என்றார். அப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மாசி பிறந்ததும் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தார்.

மாரிச்செல்வி புகார் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அறியாமல் செய்தேன் என்று எழுதாதீர்கள். காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. தெரிந்துதான் அவரைச் சாகவிட்டேன்.

அந்த வைரஸ் எல்லார் மேலும்தான் இருக்கிறது, உன் மேலும் இருக்கும், அந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நீங்களும் இப்போது சொல்கிறீர்கள். டாக்டரை வைத்து என் தோலைச் சோதித்துப் பாருங்கள். இருந்தாலும் இருக்கும். அவளிடம் வாங்கி வந்து, எனக்கும் கொடுத்துவிட்டுத்தானே போயிருக்கிறார்.