அலைக்கு அந்தாண்ட

கதவ நல்லா சாத்திட்டீங்களா டாக்டரம்மா? இன்னொரு வாட்டி தள்ளிப் பாருங்கோ. தாப்பா சரியா வுழல போலகீது. ஆங், இப்ப சரி.

தண்ணி வேணாம்மா. நாஸ்தா ஆச்சி. ரெண்டு இட்லி குடுத்தாங்கோ, ஒண்ணு தின்னேன். நீங்க கேட்டதுக்கு பதிலு சொல்லத்தான் பாக்கறேன், வேற பேச்சு பேசிகினு கீறேன். போன வாரம் பூரா நான் பேசவே இல்லன்னு எழுதி வெச்சிகீறீங்க இல்ல? ஊமயா பூட்டான்னு ஊர்ல பேசிக்கிறாங்களாம். ஊமயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மீன் கூடையத் தூக்கிகினு மாமல்லபுரத்துல இருந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் கூவி வித்தவ நானு. என் வாய்க்கு பயந்துகினு கண்டக்டரு கூடைக்கு லக்கேஜி கேக்க மாட்டான்.

இங்க சொல்றது இந்த ரூம்ப வுட்டு வெளிய போவாதுன்றீங்க. மார்கரெட்டு சிஸ்டரும் இதே வார்த்தயத்தான் சொன்னாங்கோ. நான் வந்த மூணாம் நாளு, தல வாரி வுட்டுகினே, மனசுல கீறத சொல்லு ஆதி, யாராண்டயும் சொல்ல மாட்டேன்னாங்கோ. தல வாரி வுட்டா யாருக்குத்தான் மனசு எளகாது? சொன்னேன். புருசன் பூட்டு எட்டு மாசமாவுது, இப்பல்லாம் அழுவயே வரமாட்டேங்குது சிஸ்டர், அது தப்பான்னு கேட்டேன். அவ்ளோதான். சாயங்காலம் என் கொழுந்தன் தாண்டவராயன் சன்னல் கம்பிய புடிச்சி நின்னுகினு, அண்ணன் செத்ததுக்கு அழுவக்கூட வரலியா அண்ணின்னு கேக்குது. எனுக்கு மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல. சிஸ்டர் கெட்டவங்க இல்லம்மா. நல்லதுக்குதான் சொல்லியிருப்பாங்கோ. என்னப் பத்தி எல்லாரும் நல்லதுக்குதான் சொல்றாங்கோ.

அதான் கேக்கறேன், நீங்க எழுதற அந்த நோட்டு எங்க இருக்கும்? பீரோலயா? சாவி யாராண்ட கீது? சிரிக்காதீங்கோ.

அதுல இன்னா எழுதிகீதுன்னு எனுக்குத் தெரியும். படிக்கத் தெரியாது, ஆனா கொழுந்தன் சொல்லச் சொல்ல எழுதினப்போ நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். ஆதியம்மா, வயசு முப்பத்திரண்டு. புருசன் பூவராகவன் ஐப்பசி காத்துல கடலுக்குப் போயி திரும்பல, பொணமும் ஒதுங்கல. அந்தத் துக்கத்துல புத்தி பெரண்டு பூட்டு, வைகாசி மாசம் ஒரு மத்தியானம் கடல்ல பூந்து சாவப் பாத்தா. ஓரகத்தி சம்பூர்ணம், அதாங்க தாண்டவராயன் பொண்டாட்டி, உசிரக் குடுத்துக் காப்பாத்திச்சி. அதான? கரீட்டா சொல்லிட்டனா?

அதுல நெசம் ஒண்ணுதான். என் புருசன் திரும்பல.

நல்ல மன்சன்மா. கை நீட்டினதில்ல. குடிச்சா பாட்டு பாடும், அவ்ளோதான். மூணு மாசம் நான் கரையிலயே கெடந்தேன். ஒவ்வொரு கட்டுமரமும் ஒதுங்கறப்போ எழுந்து நிப்பேன், ஆள எண்ணிட்டு திருப்பி உக்காந்துக்குவேன். சோறு ஊட்டி வுட்டதே சம்பூர்ணந்தான். யக்கா யக்கான்னுகினு பின்னாலயே சுத்துவா. ஒரே வூட்டுக்கு வாக்கப்பட்டவளுங்க, சக்களத்தி மாரி அடிச்சிக்கும்னு பேரு. நாங்க அப்பிடி இல்ல. ஒரே தட்டுல தின்னோம்.

இரும்மா, வரேன். அவசரப்படுத்தினா வராது.

எனுக்குன்னு ஒண்ணு இருந்திச்சி. அத சொல்றதா வேணாமான்னுதான் பத்து நாளா இந்தக் கட்டில்ல உக்காந்துகினு யோசன பண்றேன். சொல்லாங்காட்டி தலையில கரண்ட்டு வெப்பீங்க. பக்கத்துக் கட்டிலு வசுமதிக்கு வெச்சப்போ பாத்தேன், திரும்பி வந்து அது பேரயே அது மறந்து பூட்டுது. சொன்னா, ஊரு வெக்கும் எனுக்கு. ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா?

எனுக்கு இன்னாம்மா, ஒண்டிக்கட்டயா இருந்தா எங்கனா பூட்டுவேன். பொண்ணு கீதே. கல்யாணி, எட்டு வயசு. இப்ப சம்பூர்ணம் வூட்லதான் கீது. பைத்தியம் புடிச்சவ கையில பொண்ண குடுக்க முடியாதுன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்களாம். ஞாயித்துக்கெழம இட்டாந்தாங்கோ. வாடின்னா வர்ல. சம்பூர்ணம் முந்தானிக்குப் பின்னால நின்னுகினு, சித்தி இல்லன்னா நீ செத்துப் பூட்டிருப்ப இல்லம்மா, என்ன வுட்டுட்டுப் போவப் பாத்தியாமேன்னு கேக்குது. இல்லடி கண்ணுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். சம்பூர்ணம் என்னியே பாத்துகினு நின்னா. மூடிகினேன்.

நான் சாவப் போவலம்மா.

நீஞ்சப் போனேன்.

ஆமா, நீச்சலு. இன்னா அப்பிடி பாக்கறீங்க? கடலோரம் பொறந்தவளுக்கு நீச்சல் தெரியறது அதிசயமான்னு நெனைக்கிறீங்களா? அதிசயந்தாம்மா. எங்க குப்பத்துல பொம்பள முட்டிக்கு மேல கடல்ல எறங்க மாட்டா. வெயில்ல கெடக்கற கட்டுமரத்தத் தாண்டினாக்கூட மாமியாரு வெளக்குமாத்த எடுக்கும். ஆம்பள தண்ணி மேல கீறப்போ வூட்டுப் பொம்பள தல சீவக்கூடாது, பூ வெக்கக்கூடாது, சண்ட போடக்கூடாது, பல்லு தெரிய சிரிக்கக்கூடாது. நாம இங்க தப்பு பண்ணா அங்க மரம் கவுந்துடும். ஆம்பள வந்தா கடலம்மா புண்ணியம், வராங்காட்டி பொண்டாட்டி பண்ண பாவம். என் புருசன் வராதப்போ என்னியும் கேட்டாங்கோ, அன்னிக்கு இன்னாடி பண்ணேன்னு. ஒண்ணும் பண்ணலம்மா. கொழம்பு வெச்சேன்.

இப்ப போயி நான் நீஞ்சறவன்னு சொன்னா வுடுவாங்களா? எத்தினி நாளா நீஞ்சறன்னு கேப்பாங்கோ. மாசி மாசத்துல இருந்துன்னு நான் சூடம் அணைச்சி சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்கோ. புருசன் இருக்கறப்பவே எறங்கியிருப்பா, அதான் அவன முழுங்கிட்டான்னு சொல்லிடுவாங்கோ. அப்பால என் பொண்ணு மூஞ்சப் பாக்க முடியுமா நானு? பைத்தியக்காரி பொண்ணுன்னா பாவம்னு ஒரு வாய் சோறாவது போடுவாங்கோ.

எங்கயா? குப்பத்துக்கு தெக்கால சவுக்குத் தோப்பு ஒண்ணு கீது. அடுப்புக்கு சருகு வாரப் போவோம் நாங்க. வெயிலு உச்சியில கீறப்போ ஒரு ஈ காக்கா வராது. ஆம்பளைங்க மரம் திரும்ப நேரமாவும், பொம்பளைங்க கூடையோட சந்தைக்குப் பூடுவாங்கோ. மொத நாளு முட்டி வரைக்கும் எறங்கிட்டு பயந்துகினு ஓடியாந்துட்டேன். ரெண்டாம் நாளு மூக்குல தண்ணி. நாலாம் நாளு ஒடம்பு தானா மேல வந்துட்டுது. மல்லாக்க படுத்துகினேன். காதுக்குள்ள தண்ணி பூந்துகிச்சா, கரையில ஒரு சத்தம் இல்ல. கொழுந்தன் இல்ல, பஞ்சாயத்து இல்ல, ஐயோ பாவம்னு பாக்கற மூஞ்சி ஒண்ணு இல்ல. சிரிச்சிட்டேம்மா. புருசன் பூட்டு நாலாவது மாசம், வாய்ல உப்புத் தண்ணியோட சிரிச்சேன். எனுக்கே வெக்கமா பூட்டுது.

என் புருசன முழுங்கினதும் அதே கடல்தான். அது தெரியாமயா? தெரிஞ்சிதான் எறங்கினேன். அவர மனசுல நெனச்சிகினு எறங்கினேன்னு சொன்னா உங்களுக்கு நல்லாருக்கும். அதெல்லாம் இல்ல. எனுக்குப் புடிச்சிருந்திச்சி. வேற ஒண்ணும் இல்ல. அதத்தான் யாராண்டயும் சொல்ல முடியல. சாவப் போனேன்னா இந்த ஊருக்குப் புரியுது. புடிச்சிதுன்னா புரியாது.

அன்னிக்கா? அன்னிக்குத் தண்ணி இழுப்பு ஜாஸ்தி. அதுல சிக்கிகினு ரெண்டு கட்டுமரம் குப்பத்தாண்ட ஒதுங்க முடியாம தெக்க தோப்பாண்ட வந்துட்டுது. ஒண்ணுல தாண்டவராயன். நான் அலைக்கு அந்தாண்ட கீறேன், மொகம் வானத்தப் பாத்துகினு. எனுக்கு ஒண்ணும் தெரியாது. திடீர்னு தலமயிரப் புடிச்சி யாரோ இழுக்கறாங்கோ. திரும்பினா சம்பூர்ணம். அவளுக்குத்தான் இன்னாவோ ஆயிட்டுதுன்னு நெனச்சி நானும் கையப் புடிச்சேன். அலை மண்டயில அடிச்சி, ரெண்டு பேரும் குட்டிக்கரணம். கரையில வந்து வுழறப்போ அவ கத்தறா, ஐயோ ஓடியாங்க, யக்கா கடல்ல பூந்துட்டா, ஐயோ ஓடியாங்கன்னு. நான் தண்ணிய வாந்தி எடுத்துகினு கெடக்கறேன். என்னக் கட்டிப் புடிச்சிகினு மாரடிச்சி அழுதா. அழுதுகினே காதுல ஒண்ணு சொன்னா.

அது வேணாம். வுடுங்க.

வேணாம்னா வுடுங்களேம்மா!

அப்பால இன்னா, எல்லாம் அவ கதைதான். வலைய கீழ போட்டுட்டு ஆம்பளைங்க ஓடியாந்து என்னத் தூக்கினு போனாங்கோ. கெங்கையம்மன் கோயில்ல வெச்சி அவளுக்கு மால போட்டாங்கோ. பஞ்சாயத்துக்குத் தலைவரு, எங்க நாட்டாரு, புதுப் பொடவ எடுத்துக் குடுத்தாரு. ஓரகத்திக்கோசரம் உசிரப் பணயம் வெச்சவன்னு சொன்னாராம். பச்சப் பொடவ. ஞாயித்துக்கெழம அதத்தான் கட்டிகினு வந்திருந்தா. நல்லாத்தான் கீது அவளுக்கு.

ஆமா, கோவந்தான். கோவம் இல்லாம? நம்பினவ கழுத்தறுத்துட்டு, அந்தக் கழுத்துக்கு மருந்தும் போட்டுகினு நிக்கறா. எனுக்கு ஆரஞ்சிப் பழம் வாங்கியாறா, என் பொண்ணுக்குப் பேன் பாக்கறா. திட்டக்கூட முடியாத மாரி நல்லவளா இருந்துகினு கீறா. அது கரண்ட்ட விட பேஜாரு டாக்டரம்மா.

அவ பொய் சொன்னான்னு எப்படி நிரூபிக்கறதா? நான் எதுக்கு நிரூபிக்கணும்? எங்க ஊரு ஆம்பளைங்க அத்தினி பேரும் கடல்லயே பொழைக்கறவனுங்க. ஆம்பளைக்கே கால் எட்டாத எடம் அது. நீச்சல் தெரியாத பொம்பள அங்க எப்படி வந்தா, வந்து என்ன எப்படிக் கரைக்கு இழுத்தான்னு ஒருத்தனுக்காவது கேக்கத் தோணிச்சா? மால போட்டாங்கோ. அம்மன் சக்தின்னாங்கோ.

ஏன் பேனாவ கீழ வெச்சிட்டீங்கோ?

ம். நீங்க படிச்சவங்க.

அவ கால்வா ஓரத்துல பொறந்தவம்மா. சதுரங்கப்பட்டணம் பக்கம். உப்புப் படகு போவுமே, அந்தக் கால்வா. அங்க பொண்ணு புள்ள எல்லாம் தண்ணியிலயே கெடக்கும். கல்யாணம் ஆயி எங்க குப்பத்துக்கு வந்தப்பறம் ஏழு வருசம் மூச்சு வுடல. நான் சோறு தின்னாம கெடந்தப்போதான் ஒரு நாளு தோப்புல வெச்சி சொன்னா, யக்கா, எனுக்கு ஒண்ணு தெரியும், யாராண்டயும் சொல்ல மாட்டியேன்னு. நான் சொல்லல. இன்னிய வரைக்கும் யாராண்டயும் சொல்லல.

என் புருசன் செத்தவன். அவ புருசன் தண்ணி மேல கீறான், அன்னிக்கு அவன் மரம் தோப்பாண்ட வரத அவதான் மொதல்ல பாத்துகீறா. அவன் தண்ணி மேல கீறப்போ பொண்டாட்டி கடல்ல ஆடினான்னு தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவாங்கோ அவள. அதான் காதுல சொன்னா, யக்கா, நீ எல்லாத்தயும் தொலைச்சவ, எனுக்கு இன்னும் கீது, என்னக் காட்டிக் குடுக்காதன்னு.

கரண்ட்டு வெக்கறதோ வூட்டுக்கு அனுப்பறதோ, கையெழுத்துக்கு அவளத்தான கூப்பிடப் போறீங்க? கூப்பிடுங்கோ. காலைல இருந்து வெளிய பெஞ்சில உக்காந்துகினு கீறா. நான் சொன்னத அவளாண்ட சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு அவ மூஞ்சப் பாத்தாலே எனுக்குத் தெரிஞ்சிடும்.

ஒண்ணு சொல்லட்டா? நாலாம் நாளு மெதந்தேன்னு சொன்னேன் இல்ல. அது வரைக்கும் என் முதுவுக்கு அடியில கைய வெச்சித் தாங்கிகினு இருந்தது அவதான். எடுக்க மாட்டேன்கா, எடுக்க மாட்டேன்னு சொல்லிகினே எப்பவோ எடுத்துட்டா. எனுக்குத் தெரியவே இல்ல. அவ கை கீதுன்னு நெனச்சிகினுதாம்மா நான் சிரிச்சேன்.