மாமா பிடித்து நடந்த சாமான்கள்

கராஜ் சேல் எதையும் சனிக்கிழமையில் வைக்கக் கூடாது. லண்டன் ஹரோவில் சனிக்கிழமை காலை எங்கள் சனம் முழுவதும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காருக்குள் இருந்தபடி போனில் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் சரி. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம். சாப்பிட்ட தமிழர் ஒன்றும் வாங்க மாட்டார்கள். படுக்கத்தான் இடம் தேடுவார்கள்.

நீங்கள் கேட்டது இதையல்ல, மாமாவைப் பற்றி என்று தெரியும். ஆனால் விற்பனையைச் சொல்லாமல் மாமாவைச் சொல்ல ஏலாது. நான் தமிழிலேயே சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா மொழிபெயர்க்கட்டும். ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் பேசினால் வாக்கியத்துக்கு ஒரு தரம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், அது பழக்கதோஷம். இந்த விஷயத்தில் அது உங்களைப் பிழையான பக்கம் கொண்டுபோய்விடும்.

தில்லையம்பலம் மாமா என் அம்மாவின் மூத்த தமையன். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்து செய்து ஹரோவில் ஒரு வீடு வாங்கியவர். பிள்ளைகள் இல்லை. சந்திரவதனா மாமி மோசம் போன பிறகு, யூனிவர்சிட்டிக்கு வந்த நான்தான் அவருக்குத் துணை. "எனக்குப் பிறகு இந்த வீடு உனக்குத்தான்" என்று அடிக்கடி சொல்லுவார். உயிலும் எழுதியிருந்தார். "விசர்க் கதை கதையாதேங்கோ மாமா" என்பேன். ஒவ்வொரு முறையும் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

கம்சிகா நான் கட்டப்போகிற பிள்ளை. வீட்டைப் பார்க்க வந்தாள். மேலே கீழே நடந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வீடு வடிவு. மாமா எங்கை இருப்பார்?"

முதியோர் இல்லம் பற்றி மாமாவிடம் மெதுவாகக் கதை எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. "நான் இந்த வீட்டிலை இருந்துதான் போவன்" என்றார். நியாயமான ஆசை. நான் அதை மதித்தேன்.

மாமாவுக்கு முழங்கால் சரியில்லை. இரண்டாம் தரம் விழுந்த பிறகு கவுன்சிலில் இருந்து ஒரு இளம்பெண் பார்க்க வந்தாள். ஹோலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் வீடுகள் உங்களுக்குத் தெரியும்தானே. ஹோலில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், அதற்கு மேலே அரிசி மூட்டை, அதற்கு மேலே சாமிப்படம். "சாமான்களைக் குறையுங்கள், தடக்கி விழுந்துவிடுவார். இடம் இருந்தால் அவர் இங்கேயே இருக்கலாம்" என்றாள். பிடித்துத் தள்ளி நடக்க ஒரு நடைச் சட்டமும் கொண்டுவந்து தந்தாள். மாமா அதைத் தொடவில்லை. "நான் என்ன சுப்பர்மார்க்கற்றுக்கே போறன், வண்டி தள்ள?" என்றார்.

சுவரோரம் ஒரு வெள்ளைப் பெட்டியும் வைத்துவிட்டுப் போனாள். கழுத்தில் மாட்ட ஒரு சிவப்புப் பட்டன். விழுந்தால் பட்டனை அமத்த வேண்டும். பெட்டிக்குள் இருந்து ஒரு பெண் பேசுவாள். மாமா பதில் சொல்லாவிட்டால் முதலில் எனக்குப் போன் எடுப்பாள், பிறகு அம்புலன்ஸ். முழுப் பெயர் வாயில் வராததால் அவரை 'மிஸ்டர் தில்லை' ஆக்கிவிட்டார்கள். விழாத நாட்களிலும் மாமா சும்மா அமத்திச் சுகம் விசாரிப்பார். "கூப்பிட்ட உடனை வாற ஒரே சொந்தம் இதுதான்" என்பார்.

அந்தக் கவுன்சில் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மாமா அந்தச் சாமான்களைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார். கீழே முன்னறையில் அவர் கட்டில். எழும்பினால் முதலில் மாமியின் தையல் மெஷின். அங்கிருந்து கை நீட்டினால் உடுப்பு அலுமாரி. அலுமாரி முடிகிற இடத்தில் ஹோலில் சப்பாத்துத் தட்டு. பிறகு ஃபிரிட்ஜ். பிறகு குசினிக் கதவு. ஓடுகிற பஸ்ஸில் கம்பி மாறிக் கம்பி பிடித்துப் பின் சீட்டுக்குப் போகிறவர் போலப் போவார். கண் பார்க்காது, கைக்கு எல்லாம் பாடம். விழுந்த இரண்டு தரமும் தோட்டத்தில்தான் விழுந்தார். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை.

அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

விற்பனைக்கு வருகிறேன். மனோர் பார்க் முருகன் கோயிலில் ஒரு நோட்டீஸ், டூட்டிங் கடைகளில் சில, அது போதும். சாமானைவிட முக்கியம் சொந்தக்காரர். எங்கள் ஆட்கள் செத்தவரின் சாமான் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் இரவில் நித்திரை கொள்ள மாட்டார்கள். ஆகவே சொந்தக்காரரை உயிரோடு, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருத்த வேண்டும். மாமாவுக்குக் குல்லா போட்டு, கம்பளி போர்த்து, கராஜ் வாசலில் கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணியும் கொடுத்தேன்.

மனோர் பார்க்கில் இருந்து முதல் ஆளாக வந்தவர் றோஸ்மலர் அன்ரி.

"ஆற்றை சாமான் தம்பி இதெல்லாம்?"

"மாமான்ரை."

"எப்ப மோசம் போனவர்?"

"போகேல்லை அன்ரி. அங்கை இருக்கிறார்."

அன்ரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மாமா கை காட்டினார். "பயப்பிடாமல் வாங்கு பிள்ளை. இன்னும் சூடாத்தான் இருக்கிறன்."

"அதுக்கில்லை ஐயா. போன வருசம் ஒரு இடத்திலை குக்கர் வாங்கினனான். பிறகுதான் சொல்லுகினம், அந்த மனிசி அதிலை சோறு வைச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் போனதெண்டு."

"அப்ப சோறு வெந்ததோ?"

"ஐயா, நீங்கள் சரியான ஆள்தான்" என்று அன்ரி சிரித்தார். பின்னால் நின்ற சனமும் சிரித்தது. அதற்குப் பிறகு விற்பனை தானாக ஓடியது. நல்ல சொந்தக்காரர் இருந்தால் விளம்பரமே தேவையில்லை.

இன்னொன்று. கராஜில் இருப்பதை மட்டும் விற்றால் கராஜ் சேல் வெற்றி பெறாது. யாருக்கும் வேண்டாத சாமான் என்பதால்தானே அது கராஜில் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்து கொண்டுவர வேண்டும். நான் கொண்டுவந்தேன். டூட்டிங்கில் பிளவுஸ் தைக்கிற ஒருவர் தையல் மெஷினை வாங்கினார். வெளியே தூக்கும்போது மாமா அதன் மேல் கை வைத்தார்.

"தம்பி, இதுவுமோ?"

"கவுன்சில் பிள்ளை சொன்னதெல்லோ மாமா. நீங்கள் தடக்கக் கூடாது."

"ஓம். அதுவும் சரிதான்" என்று கையை எடுத்தார்.

மெஷினுக்குப் பிறகு அலுமாரி. பிறகு சப்பாத்துத் தட்டு. பிறகு ஃபிரிட்ஜ். இந்த ஒழுங்கு தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிலில் இருந்து குசினி வரை வரிசையாகக் கொடுத்தேன். நடைச் சட்டத்தையும் ஒருவர் கேட்டார், கொடுத்தேன். கடைசியில் ஹோல் வெளிச்சமாக, அகலமாக, வேறு யாருடையதோ வீடு போல் இருந்தது. படம் எடுத்துக் கம்சிகாவுக்கு அனுப்பினேன். ஒரு இதயம் அனுப்பினாள்.

றோஸ்மலர் அன்ரி போகிற நேரம் மாமாவின் கழுத்தைப் பார்த்தார். "ஐயா, இது விழுந்தா அடிக்கிற சாமானெல்லோ? என்ரை மாமியும் ஒரே விழுகிறா. கவுன்சிலுக்கு எழுதிப் போட்டிருக்கு, இன்னும் வரேல்லை."

மாமா உடனே பட்டனைக் கழற்றினார். "அப்ப நீ கொண்டுபோ பிள்ளை. எனக்குத் தம்பி வீட்டிலை நிக்கிறான்தானே."

என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன்.

அவர்கள் இரண்டு பேரும் அதை ஒரு சோற்றுக் குக்கர் மாதிரி நினைத்தார்கள். எந்தச் சுவரில் சொருகினாலும் அந்த வீட்டு ஆளுக்கு வேலை செய்யும் என்று. அந்தப் பெட்டிக்கு மாமாவின் பெயரும் எங்கள் முகவரியும் என் போன் நம்பரும் மட்டும்தான் தெரியும். அதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. ஒரு பெரியவர் மனமுவந்து கொடுக்கும்போது இடையில் புகுவது மரியாதை இல்லை. பெட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் எல்லோரும் போய்விட்டார்கள். மாமா களைத்துப்போய்ப் படுத்திருந்தார். நான் மாடிப்படியில் இருந்தேன். படிக்கவில்லை, போன் பார்க்கவில்லை. சும்மா இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்னறைக் கதவும் ஹோலும் தெரியும்.

தண்ணி குடிக்க எழும்பினார். கை வழக்கம் போல மெஷினுக்குப் போனது. ஒன்றுமில்லை. ஒரு அடி வைத்தார். கை அலுமாரிக்குப் போனது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையில் ஏதோ பிடிபட்டது போலத்தான் நின்றார். அந்த நேரம் எனக்கும் அலுமாரி தெரிந்தது. அதன் கண்ணாடியில் அவருடைய முதுகுகூடத் தெரிந்தது. பிறகு சப்பாத்துத் தட்டுக்குக் கை நீட்டினார்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை.

"தம்பி, விழுந்திட்டன்" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. தலைக்குப் பின்னால் இருந்து இரத்தம் வந்தது. கை கழுத்தைத் தடவித் தேடியது. நான் இறங்கி வந்து பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் போன் அடித்தது. மனோர் பார்க்கில் றோஸ்மலர் அன்ரி பெட்டியைச் சொருகி, வேலை செய்கிறதா என்று மாமியார் பட்டனை அமத்திப் பார்த்திருக்கிறார். பெட்டிக்குள் பேசுகிற அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: மிஸ்டர் தில்லையிடம் இருந்து அழைப்பு வந்திருக்கிறது, வேறு பாஷையில் பெண்கள் பேசுகிறார்கள், அவர் பேசுகிறார் இல்லை, அவர் சுகமா?

"அவர் நல்லாக இருக்கிறார். யாரோ பிழையாகப் பட்டனை அமத்திவிட்டார்கள்" என்றேன். இதில் இரண்டாவது வாக்கியம் உண்மை.

அம்புலன்ஸ் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். நன்றி சொல்லி வைத்தாள்.

அடுத்த நாள் காலை நான் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். இரவு நான் நித்திரையாக இருந்தபோது விழுந்திருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். இரண்டு தரம் விழுந்த ஆள் மூன்றாம் தரமும் விழுவது யாருக்கும் புதினம் இல்லை.

செத்தவீடு முடிந்த பிறகும் போன் நிற்கவில்லை. அன்ரியின் மாமியார் நினைத்த நேரம் பட்டனை அமத்துவார். "மிஸ்டர் தில்லை, சுகமா" என்று பெட்டி ஆங்கிலத்தில் கேட்கும். சில நாள் அவர் "ஓம்" என்பார், அதோடு சரி. சில நாள் பயந்து பேசாமல் இருந்துவிடுவார். அப்போது எனக்கு வரும். மிஸ்டர் தில்லை அழைத்திருக்கிறார், ஒருக்கால் பார்த்துச் சொல்ல முடியுமா? நான் பார்க்காமல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எழும்பி ஹோலுக்குப் போய், லைற்றைப் போட்டு, நிலத்தைப் பார்த்துவிட்டுத்தான் "அவர் நல்லாக இருக்கிறார்" என்றேன். அவர் இறந்துவிட்டார் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். என்றைக்கு என்று கேட்டிருப்பார்கள்.

கம்சிகா ஒரு நாள் கேட்டாள். "வெறும் ஹோலிலை ஏன் சுத்திப் போறியள்?" நான் அலுமாரியைச் சுற்றிப் போயிருக்கிறேன். அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனத்துக்கு நடுவில் றோஸ்மலர் அன்ரி பெட்டியோடு வந்தார்.

"இந்தா உன்ரை சாமான். உயிரோடை இருக்கிறார் எண்டெல்லோ தந்தனீ. வீட்டிலை ஒருத்தரும் படுக்கேல்லை. ஒரு வெள்ளைக்காரி இரவு பகலாத் தில்லை தில்லை எண்டு அந்த மனிசனைத் தேடுறாள்."

"தெரியாமல் போச்சு அன்ரி."

"என்ன தெரியாமல்? கொண்டுபோன அண்டைக்குப் பின்னேரமே தேடினவள். மருமோனைக் கேளுங்கோ எண்டு நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை சொன்னனான். உன்னைக் கேக்கேல்லையோ?"

மாமாவோடு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்த வாமதேவன் அண்ணை இலையில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். "அண்டைக்கு இரவெல்லோ தில்லை அண்ணை பட்டனும் இல்லாமல் விழுந்தது" என்றார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, உங்கள் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போன் எடுத்தார். ஒழுங்கான மனிதர்.

இப்போது நீங்கள் அன்று பின்னேரம் பெட்டிப் பெண் எனக்கு எடுத்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். அதில் என் குரல் தெளிவாக இருக்கிறது, மறுக்க ஒன்றுமில்லை. பின்னால் கேட்கிற குரல் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். அக்கா இரண்டு தரம் கேட்டும் மொழிபெயர்க்காமல் இருக்கிறார். பரவாயில்லை, நான் சொல்கிறேன்.

அது மாமா. நான் அம்புலன்ஸோடு பேசுகிறேன் என்று நினைத்தார். "தம்பி, வீட்டு நம்பரைச் சரியாச் சொல்லு, போன முறை பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாங்கள்" என்கிறார்.

போனை வைத்த பிறகு "வருகினமோ?" என்று கேட்டார். "ஓம் மாமா, வருகினம்" என்றேன். கதவைத் திறந்து வைக்கச் சொன்னார், திறந்து வைத்தேன். குளிருது என்றார், கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தேன். இருட்டும்வரை இடைக்கிடை கேட்டார், இடைக்கிடை நான் பதில் சொன்னேன். பிறகு கேட்கவில்லை.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். மாமா ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் பயந்து சாகவில்லை. தன்னுடைய வீட்டில், உதவி வந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையோடு போனார். அந்த நிம்மதியைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து அவருக்குக் கொடுத்தவன் நான்.