எல்லாம் அடக்கம்

…அதான் கேக்குறேன், ஒரு மீனப் பாக்குறதுக்கு எதுக்கு சிஸ்டர் இத்தன ஆர்ப்பாட்டம்? அசையாதீங்க, அசையாதீங்க… குண்டூசி கால்ல குத்திடும். நேரா நில்லுங்க. அந்த ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. என் கடையில இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்ல.

டால்பினு மீனே இல்லயாம்! என் பொண்ணு சொல்றா. காலேஜ் படிக்கிறா. வாய் தவறி ‘மீனு’ன்னுட்டேன், அதுக்கு ஒரு பாடமே நடத்திட்டா. அது குட்டி போடுமாம், பால் குடுக்குமாம், பேரு வச்சு கூப்பிட்டுக்குமாம். சரிடியம்மா, எருமைன்னே வச்சுக்கலாம். எருமையப் பாக்க ஒரு குடும்பமே வேன் எடுத்துட்டுப் போகுமா?

டியூட்டிக்கு நேரமாச்சா? இதோ, ஆச்சு ஆச்சு. ஆஸ்பத்திரில யூனிபார்ம் குடுக்குறவன் ஒட்டடக் கம்புக்கு அளவெடுத்துட்டான் போல, பேண்ட்டு இவ்ளோ நீளம். இதோட நடந்தீங்கன்னா தடுக்கி விழுந்து நீங்களே ஒரு கட்டில் புடிச்சு படுத்துக்க வேண்டியதுதான். குதிகால் தெரியணுமா, மறையணுமா? …மறையட்டும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், எங்க நாத்தனாரு. வீட்டுக்காரரோட அக்கா. எல்லாம் அவங்க ஏற்பாடு. கடலோரமா ஒரு பெரிய பார்க்காம். டால்பின், கடல் சிங்கம், திருக்கை, பெங்குவின்… தண்ணிக்குள்ள மூச்சு விடுறது, விடாதது, அத்தனையும் கொண்டுவந்து வேலி கட்டி வச்சிருக்கான். அதுல ஒரு டிக்கெட்டு, ‘எல்லாம் அடக்கம்’னு. கையில ஒரு பட்டை மாட்டி விடுவானாம். அப்புறம் சாப்பாடு, ஜூஸு, தண்ணில எறங்க ரப்பர் டிரெஸ்ஸு, கண்ணுக்குக் கண்ணாடி, மூச்சு விட குழாய், துவட்ட துண்டு… எல்லாம் அடக்கம்! எனக்கு அந்த வார்த்தயக் கேட்டதும் பக்குன்னுச்சு. எங்க வீட்ல யாராச்சும் போய்ச் சேந்தாத்தான் ‘எப்ப அடக்கம்’னு கேப்போம். இன்னொரு அடக்கம் இருக்கு, வாய் அடக்கம், கை அடக்கம்… அதுக்கும் எங்க நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தையே கெடயாது.

சிரிக்காதீங்க, ஊசி நகருது.

போன வாரம் எங்க வீட்ல மீட்டிங்கு. மீட்டிங்குன்னா பேருக்குத்தான். அவங்க சோபா நடுவுல உக்காந்து பேசுவாங்க, நாங்க ஓரத்துல உக்காந்து தலையாட்டணும். அவங்க வீட்டுக்காரரு டிரைவிங் ஸ்கூல் நடத்துறாரு. ஊர்ல பாதிப்பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தவரு. மனுசனுக்கு அந்தப் பழக்கம் போகவே மாட்டேங்குது. சோபால உக்காந்திருக்கும்போதே கால் பிரேக்கத் தேடும். யாராச்சும் கொஞ்சம் வேகமாப் பேசுனாப் போதும், வலது கால ஒரு அமுக்கு அமுக்குவாரு. எங்க தரை விரிப்பு அந்த ஒரு எடத்துல மட்டும் தேஞ்சு போச்சு.

அவரு சொல்றாரு, “சாப்பாடு அடக்கம்னா முந்தின நாளே வயித்தக் காயப் போட்டுறணும். அப்பத்தான் குடுத்ததுக்கு ஈடு கட்ட முடியும்”னு. பாத்தீங்களா புத்திய? டால்பின் பாக்கப் போறாரா, டால்பினோட பங்கையும் சேத்துச் சாப்பிடப் போறாரா?

நான் சும்மா இருப்பேனா… கேட்டேன். “மூஞ்சில க்ரீம் போட்டுக்கலாமா?”ன்னு. கூடாதாம்! டால்பினுக்கு ஆகாதாம், தண்ணி கெட்டுப் போகுமாம். ஏன் சிஸ்டர், ஊர்ப்பட்ட ஜனம் எறங்கி முங்கி எழுந்திரிக்கிற தண்ணி, என் ஒருத்தி மூஞ்சில இருக்குற க்ரீம்லயா கெட்டுப் போகும்? அதுல சின்னப் பிள்ளைங்க வேற எறங்கும். நான் மேல சொல்லல. அப்புறம் மோதிரம் கழட்டணுமாம், கம்மல் கழட்டணுமாம், டால்பின் தோல் அவ்ளோ மெல்லிசாம், கீறிடுமாம். என் தோலப் பத்தி யாராச்சும் ஒரு நாள் கவலப்பட்டிருக்காங்களா? இங்க பாருங்க விரல, எத்தன ஊசி குத்தின தழும்பு!

அந்த ரப்பர் டிரெஸ் படத்தக் காட்டுனா பொண்ணு. அடக் கண்றாவியே! கழுத்துலருந்து கணுக்கால் வரைக்கும் ஒட்டிப் புடிச்சிட்டு… ஒரு மடிப்பு கெடயாது, ஒரு பிடிப்பு கெடயாது, தையல் போட்டவன் தூக்கத்துல போட்டிருக்கான். நான் ஊருக்கெல்லாம் உடுப்பு தைக்கிறவ. உரிச்ச வாழப்பழத்துக்குத் திருப்பி தோல் மாட்டுன மாதிரி அதப் போட்டுக்கிட்டு, நாத்தனார் வீட்டுக்காரர் முன்னாடி நான் போயி நிப்பேனா? அவரு என்னப் பாத்ததும் பிரேக்க அமுக்குவாரு!

திரும்புங்க… மெதுவா. அடுத்த கால்.

இதுல என் பொண்ணு கூத்தக் கேளுங்க. மொதல்ல, “பாவம்மா, கடல்ல இருக்க வேண்டியத அடச்சு வச்சிருக்காங்க, நான் வரவே மாட்டேன்”னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம், நம்ம பக்கம் ஒரு ஆளு கெடச்சாச்சுன்னு. மறுநாளே, “உள்ள போய்ப் பாத்தாத்தானம்மா அத எதுத்துப் பேச முடியும்?”னு பைய அடுக்குறா. எதுத்துப் பேசுறதுக்கு டால்பினோட போட்டோ எடுத்துக்கணுமாம்! எங்க நாத்தனாரு வளத்த வளப்பு அது. பெத்தது மட்டும்தான் நானு.

வீட்டுக்காரரா? அவரு லிஃப்ட் மெக்கானிக்கு. நடு மாடில லிஃப்ட் நின்னு போச்சுன்னா, உள்ள மாட்டுனவங்க கதவத் தட்டிக் கத்துவாங்கள்ல, அதக் காதுல வாங்கிக்கிட்டே அமைதியா ஸ்க்ரூ கழட்டுற ஆளு. வீட்லயும் அப்படித்தான். என்ன, உள்ள மாட்டுன ஆளு நானு.

அப்புறந்தான் சட்டை வந்துச்சு. அதச் சொல்லல பாருங்க! எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டையாம், நீல கலரு, நெஞ்சுல ஒரு டால்பின் குதிக்கிற மாதிரி. கூட்டத்துல யாரும் தொலஞ்சு போயிடக் கூடாதாம். எங்கயோ பிரிண்ட் போடுற கடையில குடுத்து வாங்கியிருக்காங்க. ஏன் சிஸ்டர், வீட்ல ஒரு டெய்லரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்த? கேட்டா வேணாம்னா சொல்லப் போறேன்? பொண்ணு போட்டுக் காட்டுனா. கை ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு, ஓரத்துல ஓவர்லாக்கு தையல் பிசிறடிக்குது. ‘நல்லாருக்கு’ன்னேன். என்ன சொல்றது? அவங்க அப்பாவும் போட்டுக் காட்டுனாரு. எனக்கு உண்டா இல்லயான்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. கேப்பேனா? எனக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல.

அதெல்லாங்கூடப் போகட்டும் சிஸ்டர்…

எங்க வீட்ல எங்க வெளிய போனாலும், விடியுறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு பத்த வைக்கிறது நானு. சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டிலு, வாந்தி வந்தா ஒரு கவரு, அடிபட்டா ஒரு பிளாஸ்திரி… நாத்தனாருக்கு சுடுதண்ணி, அவங்க வீட்டுக்காரருக்கு உப்பில்லாமத் தனியா ஒரு டப்பா. “உன் பை இருந்தா ஒரு வீடே கூட வர்ற மாதிரி”ம்பாங்க. எனக்கு முணுமுணுன்னு வரும், ஆனா செய்வேன். இந்தத் தடவ நான் கேக்குறேன், “என்ன கட்டிட்டு வரட்டும்?”னு. நாத்தனாரு கையத் தூக்கி, “நீ ஒண்ணும் செய்ய வேணாம், அதான் எல்லாம் அடக்கம்ல?”ன்னாங்க.

நீ ஒண்ணும் செய்ய வேணாம்.

நல்ல மனசுலதான் சொன்னாங்களோ என்னமோ. என் காதுல விழும்போது ‘நீ வேணாம்’னு விழுந்துச்சு. அந்த வேகத்துல, “அப்ப நான் எதுக்கு? நான் வரல”ன்னுட்டேன்.

எல்லாரும் பதறிப் போவாங்கன்னு நெனச்சீங்கள்ல? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு ‘ஏம்மா’, ஒரு ‘நீ இல்லாமயா’… மூணு தடவ கெஞ்சுனா சரின்னு சொல்லிறலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். என் வீட்டுக்காரரு நிமிந்து பாத்தாரு. “சரி”ன்னாரு.

சரி! அவ்ளோதான். எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மனுசன் இவ்ளோ சீக்கிரம் ஒரு பதில் சொல்லி நான் பாத்ததே இல்ல. பொண்ணு போன்லருந்து தலையத் தூக்காமயே “ஓகேம்மா”ங்குறா. டிரைவிங் ஸ்கூல்காரரு பிரேக்குலருந்து கால எடுத்துட்டாரு.

இன்னைக்குத்தான் போறாங்க. ஆமா, இன்னைக்கேதான்! பின்ன என்ன, இவ்ளோ காலைல கடை தொறந்திருக்கேன்னு நீங்க யோசிக்கலயா? அவங்க சட்டைய மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு இளிக்கிறத என்னால பாக்க முடியாது. “கடையில வேல தலைக்கு மேல கெடக்கு”ன்னு வந்துட்டேன். வேலையெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க ஒரு ஆளுதான் வந்தீங்க. நல்லவேள வந்தீங்க, இல்லாட்டி நான் இந்தத் தையல் மெஷின்கிட்டதான் பேசிட்டிருந்திருப்பேன்.

நீங்க கேக்க வர்றது புரியுது. ஆரம்பிச்சது யாருன்னுதானே? நாத்தனாரு ஏற்பாடுதான்… ஆனா அந்தப் பார்க்கு விளம்பரத்த குடும்ப குரூப்புல மொதல்ல அனுப்புனது நானு. சும்மா அனுப்புனேன்! டால்பின் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு, ‘எவ்ளோ அழகா இருக்கு’ன்னு கீழ ஒரு வரி போட்டேன். போகலாம்னா சொன்னேன்? அழகா இருக்குன்னுதான் சொன்னேன். அத அவங்க புடிச்சுக்கிட்டாங்க… என்ன சிஸ்டர் அப்படிப் பாக்குறீங்க?

இருங்க. ஹாரன் சத்தம்.

விட்டு விட்டு அடிக்குது பாருங்க… அது டிரைவிங் ஸ்கூல் வேனுதான். நான் திரும்ப மாட்டேன். போறவங்க போகட்டும். நீங்க ஸ்டூல் மேல நிக்கிறீங்கள்ல, உங்களுக்கு ரோடு தெரியும்… போயிடுச்சா? …நிக்குதா! சும்மா சிக்னலுக்கு நிக்கும். கதவு தொறக்குதா? யாரு எறங்குறா, என் வீட்டுக்காரரா? இல்லயா… பொண்ணா? பின்ன யாரு? பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட பொம்பளையா? …ஐயய்யோ.

வாங்கக்கா! வாங்க வாங்க வாங்க… இப்பத்தான் இந்த சிஸ்டர்கிட்ட உங்களப் பத்திப் பெருமையா பேசிட்டிருந்தேன். எங்க நாத்தனாரு மாதிரி ஒரு குடும்பத்த நடத்த ஆளே கெடயாதுன்னு. கேட்டுப் பாருங்க!

என்னக்கா இது, சட்டையா? தையல் விட்டுப் போச்சா? அதானே… அதுக்குத்தான் வண்டி நின்னுச்சா. குடுங்க, ஒரு நிமிசத்துல போட்டுத் தர்றேன். பரவால்லக்கா, நான் கடையத் தொறந்து வச்சிருக்கதே இதுக்குத்தானே.

எங்க… ஒண்ணும் விடலயே? பக்கவாட்டுல புடிக்கணுமா? இவ்ளோ பெரிய சட்ட… இது உங்க வீட்டுக்கார அண்ணனுக்குக்கூட தொளதொளன்னு இருக்குமே, யாருக்கு எடுத்தீங்க?

எனக்கா?

…எனக்கா, அக்கா? எல்லாரோடதும் சேத்து அன்னைக்கே வாங்கிட்டீங்களா? அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல? ‘நீ கேக்கலயே’வா! ஏன்க்கா, நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்? உங்க கண்ணுக்கு நான் இப்படியா தெரியுறேன்? இதுக்குள்ள நானும் என் தையல் மெஷினும் சேந்து உள்ள போலாம்!

என்னது? வண்டி தெருமுனை தாண்டுறதுக்குள்ளயே எல்லாரும் கம்முன்னு ஆயிட்டாங்களா? யாரு, எங்க வீட்டுக்காரரா? அவரா ‘கடைகிட்ட நிறுத்துங்க’ன்னாரு? வாயத் தொறந்தா? …தொண்ட ஏதும் சரியில்லயா அவருக்கு? குறை சொல்ல ஆளில்லாம வண்டில இருக்க முடியலயாமா! நான் எப்பக்கா குறை சொன்னேன்? சிஸ்டர், நீங்களே சொல்லுங்க, நீங்க வந்ததுலருந்து நான் ஒரு வார்த்த யாரப் பத்தியாச்சும் குறை சொல்லியிருப்பேனா? …ஏன் சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

நீங்க போய் வண்டில உக்காருங்கக்கா. நான் வர்றேனா இல்லயான்னு இன்னும் சொல்லல. யோசிச்சுச் சொல்றேன். வண்டிய மட்டும் கெளப்பிட வேணாம்னு சொல்லுங்க.

சிஸ்டர், சீக்கிரம், எறங்குங்க ஸ்டூல விட்டு. சட்டைய மாட்டிக்கிறேன்… இந்தப் பக்கம் ரெண்டு குண்டூசி, அந்தப் பக்கம் ரெண்டு குண்டூசி புடிச்சுக் குத்துங்க. ஊசி போடுறது உங்க தொழில்தானே, நானா சொல்லித் தரணும்? ஆ! மெதுவா! ஆஸ்பத்திரில எல்லாருக்கும் இப்படித்தான் போடுவீங்களா?

உங்க பேண்ட்டு… நாளைக்கு வாங்க, நாளைக்கு மொத வேல உங்களோடதுதான். இப்ப அப்படியே ஊசியோட போங்க, ஒண்ணும் ஆகாது, கால மட்டும் கொஞ்சம் அகட்டி வச்சு நடங்க. ஷட்டர எறக்கிட்டு சாவிய பக்கத்து போட்டோ கடையில குடுத்துருங்க. புண்ணியமாப் போகும்.

வர்றேன் வர்றேன், ஹாரன் அடிக்காதீங்க! எனக்குக் காது இருக்கு! ஏய்… யாரது அங்க ஜன்னலோரம் உக்காந்திருக்கறது? எந்திரிங்க மொதல்ல!