காற்றுக்கு எதிரே மூன்று பேர்

ஜூன் கடைசியில் காடை சுடக் கிளம்புகிறவனுக்கு முதலில் வேண்டியது துப்பாக்கி இல்லை. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். விக்டோரியாவின் புல்வெளிகளில் அந்த மாதத்துப் பனி காலை பத்து மணி வரை காய்வதில்லை. கால் நனைந்தவனுக்குக் கவனம் சிதறும். பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதே இல்லை. பெரும்பாலானவர்கள் எதையுமே யோசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பெயர் கல்யாணசுந்தரம். வயது ஐம்பத்தொன்று. மெல்போர்னில், கிளென் வேவர்லியில் வீடு. பராமரிப்புக்காக ரயில் பாதைகளை வார இறுதியில் மூடித் திறப்பார்களே, அதற்குத் திட்டம் போடுவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகிறது. நான் மூடிய எந்தப் பாதையும் திங்கட்கிழமை முதல் ரயிலுக்குத் திறக்காமல் போனதில்லை.

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், டிடெக்டிவ். இருந்தும் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். ஆங்கிலத்தில் பேசினால் என்னை அறியாமல் நாலு 'சாரி' விழுந்துவிடும். சந்திரிகா மேடம், நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். மெருகெல்லாம் வேண்டாம்.

நான் வந்திருப்பது அனோஜனுக்காக. அவர் மேல் வழக்குப் போட்டவர் நீங்கள்தான். திங்கட்கிழமை கோர்ட். குற்றம் உறுதியானால் சிறை, சிறை என்றால் விசா ரத்து, விசா ரத்து என்றால் மனைவி வினுஷாவோடும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் கொழும்பு விமானம். சுதர்சன் மேல் பாய்ந்த ரவைகள் அனோஜனின் துப்பாக்கியிலிருந்து வந்தவைதான். அதில் சந்தேகமில்லை. மற்ற விஷயங்களில்தான் உங்கள் கோப்பில் ஓட்டைகள் இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன்.

சுதர்சன் என் தங்கை பார்கவியின் கணவன். சிட்னியில், கெல்லிவில்லில் இருந்தார்கள். நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லவன் என்ற சொல்லை நான் கவனித்து வந்திருக்கிறேன். எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வராமல், வந்ததும் எல்லோரையும் சிரிக்க வைத்து அதை மறக்கடிக்கிறவனுக்கு அந்தப் பெயர்.

நான்கு வருடம் முன்பு திருச்சியில் எங்கள் அப்பா கடைசிக் கட்டத்தில் இருந்தார். பார்கவிக்கு டிக்கெட் எடுத்தது நான். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்தச் சாலையில் போக வேண்டும், எல்லாம் எழுதி அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரரின் கார் பேட்டரி இறங்கிப்போய்விட்டதாம். சுதர்சன் கேபிள் மாட்டி அதைக் கிளப்பிக்கொடுக்க நின்றானாம். விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்தில் பார்கவி போய் இறங்கியபோது தகனம் முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்க சிட்னி போனேன். சமையலறையில் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"விடுண்ணா. என்னைவிட அவர்தான் அதிகமா அழுதார்."

அழுவதற்கு போர்டிங் பாஸ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

நான் செய்தது அவளுக்காக. அவளாகக் கேட்டிருக்க மாட்டாள், தெரியும். தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவர்களுக்காகத்தான் என்னைப் போன்றவர்கள் திட்டம் போடுகிறோம்.

இந்த வருடம் பொங்கல் விழாவுக்கு அவர்கள் மெல்போர்ன் வந்திருந்தார்கள். ஹாலில் முப்பது பேர் சுற்றி நிற்க, நான் காடை வேட்டைக்குப் போவது பற்றிப் பேச்சு வந்தது. ஆறு வருடமாக லைசன்ஸ் வைத்திருக்கிறேன். சுதர்சன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "எங்க மச்சான் காடையைக்கூட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் வரச் சொல்வார். எட்டு நாற்பதுக்கு வர வேண்டிய காடை எட்டு நாற்பத்தொண்ணுக்கு வந்தா, சுட மாட்டார், திருப்பி அனுப்பிடுவார்."

முப்பது பேரும் சிரித்தார்கள். பார்கவியும்.

"ஒரு தடவை நானும் வர்றேன் மச்சான். துப்பாக்கியெல்லாம் வேண்டாம். உங்களை வேடிக்கை பார்த்தாப் போதும்."

வா மாப்பிள்ளை, நானே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அன்று ஜனவரி பதினெட்டு. காடை சீசன் ஏப்ரலிலிருந்து ஜூன் முடிவு வரை. நேரம் நிறைய இருந்தது.

சீசன் தொடக்கத்தில் போவது சோம்பேறிகளின் பழக்கம். அப்போது காடைகள் முட்டாள்கள், காலடியிலேயே எழும்பும், உயரப் பறக்கும். ஜூன் கடைசியில் மிஞ்சியிருப்பவை உஷாரானவை. தூரத்திலேயே எழும்பி, புல்லின் நுனியை உரசிக்கொண்டு தாழப் பறக்கும். சுடுகிறவனுக்கு ஒரு வினாடிதான் கிடைக்கும். எனக்கு அந்த உயரமும் வேண்டும், அந்த ஒரு வினாடியும் வேண்டும்.

இடம், பெண்டிகோ நகரைத் தாண்டி இரண்டு மணி நேரம். வேட்டைக்கு அரசாங்கம் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் புல்வெளி. தனியார் பண்ணை என்றால் உரிமையாளர் கூட வருவார், கேள்வி கேட்பார். பொதுநிலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். மே மாதம் நான் மட்டும் இரண்டு முறை போய் முழுவதும் நடந்து பார்த்தேன். ஒரு வறண்ட வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது. அதில் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்தால் தலை மட்டும்தான் புல்லுக்கு மேலே தெரியும். காடை பறக்கும் உயரம்.

இனி காற்று. நாய்க்கு வாசனை கிடைக்க வேண்டும் என்பதால் காடை வேட்டையில் காற்றுக்கு எதிரே நடக்க வேண்டும். எந்த வேட்டைக்காரனைக் கேட்டாலும் சொல்வான். ஜூனில் சூரியன் வடகிழக்கில் எழுகிறது. ஆக, வடகிழக்கிலிருந்து காற்று வீசும் காலையில் விதிப்படி நடக்கிறவன் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டுதான் நடப்பான். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக் காற்று அபூர்வம். இரண்டு சனிக்கிழமைகளை ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். சீசனின் கடைசிச் சனிக்கிழமைக்கு முன்னறிவிப்பில் வடகிழக்கு என்று வந்தது. அதைப் பார்த்த அன்று மதியமே சுதர்சனுக்கு வெள்ளிக்கிழமை விமானத்தைப் பதிவு செய்தேன். விமான நேரத்தை அவனிடம் ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் சொன்னேன். அப்படியும் கதவடைக்கும்போதுதான் ஏறினான்.

துப்பாக்கிக்கு ஆள் வேண்டுமே. அனோஜன் என் அலுவலகத்தில் என் கீழ் வேலை செய்கிறார். போன வருடம்தான் லைசன்ஸ் எடுத்தார். இதுதான் அவருக்கு முதல் சீசன். சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் செய்ய மாட்டார். எழுதிக் கொடுத்தால் எழுதியபடி. அப்படிப்பட்டவர்களை எல்லோரும் நம்பகமானவர்கள் என்பார்கள். எனக்கு அவர்கள் ஒரு நல்ல பூட்டு மாதிரி, அவ்வளவுதான்.

மே மாதம் அவரை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். மூன்று காடைகள் எழும்பின. மூன்று முறையும் யோசித்துக்கொண்டே நின்றார். அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன், சுதர்சன் இருக்கும்போதே சொன்னேன். எதிர்பார்த்தபடி அவன் பிடித்துக்கொண்டான்.

"அனோஜன், காடை உங்களைப் பார்த்து டாட்டா காட்டிட்டுப் போச்சாமே?"

"ஓம் அண்ணா, நானும் திருப்பிக் காட்டினனான்," என்று சிரித்தார் அனோஜன். காது மடல் சிவந்திருந்தது. அது போதும்.

சாப்பிட்ட பிறகு அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். நாளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது அதில் வரி வரியாக இருந்தது. யார் எங்கே நடப்பது, எவ்வளவு இடைவெளி, எந்தப் பக்கம் சுடுவது. பறவை எழும்பினால் தயங்காதே என்பதும் ஒரு வரி. உங்களிடம் அந்தத் தாள் இருக்கிறது.

காலையில் கார் நிறுத்திய இடத்தில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகளைக் கொடுத்தேன். மூன்று வாங்கியிருந்தேன். சுதர்சன் நூறு கிலோ. அவனுக்கு வாங்கியது மீடியம்.

"மச்சான், இது எனக்கா, நாய்க்கா?" என்றான். பிறகு அதை என் வேட்டை நாயின் கழுத்தில் கட்டிவிட்டான். வைக்கோல் நிற ஜெர்கினோடு கிளம்பினான். ஆரஞ்சு எதற்கு என்று நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் பயந்து எங்கேயாவது ஒரு ஓரத்தில் நின்றிருப்பான்.

தெர்மோஸில் டீ குடிக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். நாய் காடையைக் கண்டுபிடித்துவிட்டால் சிலை மாதிரி நிற்கும், நான் விசில் கொடுத்தால்தான் பாயும். அதை முன்னால் போய் நின்று, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வீடியோ எடுத்தால் அருமையாக வரும், பார்கவிக்குப் பிடிக்கும் என்றேன். பொய் இல்லை. போட்டோ எடுக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்போது அனோஜன் தள்ளி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

நடந்தோம். நடுவில் நான், இடது பக்கம் சுதர்சன், வலது பக்கம் அனோஜன். வேட்டையில் வரிசையை விட்டு யாரும் முன்னே போகக் கூடாது. சுதர்சன் கோயில் பிரசாத வரிசையிலேயே நிற்காதவன்.

நாய் இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் இடம் சரியில்லை. சுதர்சன் பக்கவாட்டிலிருந்தே எடுத்தான். நான் அவசரப்படவில்லை. திட்டம் என்றால் நிச்சயம் என்று நினைப்பவர்கள் அமெச்சூர்கள். வாய்ப்புகளை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்து வைப்பதுதான் திட்டம். அன்று நடக்கவில்லை என்றால் அடுத்த ஏப்ரல்.

மூன்றாவது முறை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அனோஜனுக்கு நேர் முன்னால் நின்றது. சுதர்சன் என் மறைவில் இடது பக்கமாகவே முன்னே போய், வாய்க்காலில் இறங்கி, குனிந்தபடியே நாய்க்கு எதிரே போய்க் குந்தினான். போகும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

"அண்ணை, வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது. முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார் அனோஜன்.

"தொப்பியைக் கீழே இழுத்துக்கோங்க. தயங்காதீங்க," என்றேன்.

விசில் கொடுத்தேன்.

இரண்டு காடைகள் எழும்பின. ஒரே ஒரு வெடிதான். அனோஜன் தயங்கவில்லை. முதல் முறையாக அவரைப் பாராட்டத் தோன்றியது.

சுதர்சனுக்குக் கழுத்தில். மணி எட்டு ஐம்பத்திரண்டு. அங்கே போனில் சிக்னல் கிடையாது, மே மாதமே பார்த்து வைத்திருந்தேன். முதலுதவிப் பெட்டி காரில், கார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அனோஜனை மஃப்ளரை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் போனேன். ஓடவில்லை. சமமில்லாத நிலத்தில் ஓடக் கூடாது என்பது எங்கள் துறையின் பாதுகாப்பு விதி. திரும்பி வந்தபோது அனோஜன் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். அழுத்த அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"அண்ணை, நான் அவரைக் காணேல்லை. சத்தியமாக் காணேல்லை." இதையே அவர் உங்களிடமும் சொன்னார். நீங்கள் நம்பவில்லை. உண்மை அதுதான்.

தகனத்தை ஏற்பாடு செய்தது நான். பதினொன்றரை என்று நேரம் கொடுத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு சுதர்சன் அங்கே இருந்தான். வாழ்க்கையில் முதல் தடவை. பார்கவி என் தோளில் சாய்ந்து, நீ இல்லேன்னா நான் என்னண்ணா பண்ணியிருப்பேன் என்றாள். வாரம் இரண்டு முறை போன் செய்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்டால் பதில் வருவதில்லை. இப்போது சிரிப்பதில்லை. அது சரியாகிவிடும். துக்கத்துக்கும் ஒரு கால அளவு உண்டு.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். அதைத்தான் முதலிலேயே சொன்னேனே, அனோஜனுக்காக.

போன வியாழக்கிழமை அவருடைய வக்கீல் என் வீட்டுக்கு வந்தார். இளம் பெண். காபி கொடுத்தேன். நல்ல செய்தி என்றார். அந்தத் தாளின் நகலை எடுத்து மேசை மேல் வைத்தார். பதிமூன்று வரிகள் இருக்கின்றன, ஆனால் காடை வேட்டையில் எல்லாவற்றுக்கும் மேலான விதி இதில் இல்லை என்றார்: பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும் சுட வேண்டும், தாழப் பறப்பதைச் சுட்டால் எதிரே இருப்பவர் மேல் படும். ஏற்பாடு செய்தவர் அதை எழுத மறந்துவிட்டார். புதியவரான அனோஜன் தாளில் இருந்தபடி நடந்தார். நீதிபதி ஏற்றுக்கொள்வார், அனோஜன் வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் மேல் வழக்கு வராது சார், யாருக்கும் வரக்கூடிய கவனக்குறைவுதான், திங்கட்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறி ஆமாம், மறந்துவிட்டேன் என்றால் போதும் என்றார். கதவு வரை போய்த் திரும்பி, இவ்வளவு பெரிய திட்டக்காரர்களுக்கும் இப்படி நடப்பதுண்டு என்று ஆறுதல் வேறு சொன்னார்.

மூன்று நாள் யோசித்தேன்.

நான் இதைச் சொன்னால் திங்கட்கிழமை வழக்கு நடக்காது, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அனோஜன் இன்னும் பல மாதம் இழுபட வேண்டியிருக்கும் என்கிறீர்கள். கூட்டுச் சதி என்று அவரையும் விசாரிக்க வேண்டிவரும் என்கிறீர்கள். புரிகிறது. வினுஷா நேற்று என் காலில் விழாத குறையாக, திங்கட்கிழமை வந்துடுங்கோ அண்ணை என்று கேட்டாள். ஆனால் தவறான காரணத்துக்காக ஒருவர் விடுதலையாவது சரியில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். இது அவர் நன்மைக்குத்தான்.

என் கம்ப்யூட்டரை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் மூலத்தில் பதினான்கு வரிகள். ஆறாவது வரி, வானம் தெரிந்தால் மட்டும் சுட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் நாலு இருபதுக்கு அந்த வரியை எடுத்தேன். கீழே உள்ளவற்றுக்கு எண்ணை மாற்றினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகுதான் அச்செடுத்தேன்.

சந்திரிகா மேடம், இதைக் கவனமாகச் சொல்லுங்கள். கொலை என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மறந்துவிட்டேன் என்று ஒரு இடத்தில் இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.